பல்புக்கு அடியில் சுமதியின் போன்

ஆடி 12, திங்கள்.

என் மனைவி சுமதியின் பழைய போன் கம்பெனி லோகோவைக் காட்டிவிட்டு உடனே அணைந்துகொண்டிருந்தது. போன வாரம் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அவள் கேட்கவில்லை, நானாகத்தான் அதைச் சரிசெய்ய இறங்கினேன். முப்பது வருடமாக மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன் நான். நனைந்த மோட்டாரைக் காயவைப்பது போலவே போனையும் பெட்டிக்குள் வைத்து, மேலே குண்டு பல்பை எரியவிட்டேன்.

இன்று கணபதி பகுதியில் போன் ரிப்பேர் கடைக்காரரிடம் காட்டினேன். "ரீசெட் போட்டா ஓடுமுங்க. ஆனா உள்ள இருக்கறது பூராம் போயிருமுங்க" என்றார். மகள் கல்யாணப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. வேண்டாமென்று திரும்பிவிட்டேன்.

சுமதியிடம் சொன்னேன். "அழிச்சுப்போடச் சொல்லுங்க" என்றாள்.

"கல்யாணப் படமெல்லாம் போயிருமே?"

"போனாப் போவுதுங்க." பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

மறுபடி பல்புக்கு அடியில் வைத்திருந்தேன். சற்றுமுன் பார்த்தால் லோகோவைத் தாண்டி போன் முழுதாக வேலை செய்கிறது. சந்தோஷப்படத் தோன்றவில்லை. அது தொட்டியில் எப்படி விழுந்தது, தானாகத்தான் விழுந்ததா என்று நான் இதுவரை கேட்கவே இல்லை.

சுமதி உள்ளே தூங்கவில்லை போலிருக்கிறது. "ஏனுங்க, அது செத்தே போச்சுங்களா?" என்றாள்.

ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? பல்பை இன்னும் அணைக்கவில்லை.