நான்கு குச்சிக்குள்

அன்பு மகளுக்கு,

இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். கொல்லையில் நான்கு குச்சி நட்டு அப்பா வைத்திருந்த சதுரத்தை யாரும் தொடக்கூடாது, நான் வந்து நோட்டைத் தொடர்ந்து எழுதுவேன் என்று அவர் இறந்த வாரமே சொன்னாயே, நானும் கேட்கும்போதெல்லாம் அப்படியே இருக்குடி என்று சொல்லிவந்தேனே, அது பொய். அவர் போன மறுமாதமே அதுவும் போய்விட்டது. போக்கியவள் நான்தான்.

கொல்லையில் பாம்பைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுத் தையல்காரி சொன்னாள். பயத்தில் புல் வெட்டுகிறவரைக் கூப்பிட்டு, ஒண்ணு விடாம வேரோட எடுத்துடுப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். எழுந்து வந்தால் நான்கு குச்சிகளையும் பிடுங்கிச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறார், வேலை அவ்வளவு சுத்தம்! இருபத்திரண்டு வருஷம் மாதாமாதம் முதல் ஞாயிறு மண்டியிட்டு, எது முளைத்தது எது போனது என்று அப்பா நோட்டில் எழுதிய இடம் மொட்டையாகக் கிடந்தது. களைக்கெல்லாம் ஆஜர் எடுக்கிற வாத்தியார் என்று அவரைக் கேலி செய்தவள், அன்றைக்கு அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், ஆனாலும் குச்சிகளைப் பழைய குழிகளிலேயே நட்டு, நோட்டில் நானே எழுத ஆரம்பித்தேன். பேர் தெரியாததைப் படம் வரைந்திருக்கிறேன், சிரிக்காதே. முதல் மழைக்குக் கோரை மட்டும் வந்தது. பிறகு மஞ்சள் பூ ஒன்று, நோட்டில் எங்குமே இல்லாதது. அப்புறம் புளியாரை, கீழாநெல்லி என்று பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், தொட்டாச்சுருங்கியை மட்டும் இன்னும் காணோம். வெள்ளம் வந்து எல்லாம் அழுகிய வருஷத்துப் பக்கத்தைப் புரட்டினேன். பழைய கூட்டம் இல்லை, ஆனால் கூட்டம் கூடிவிட்டது என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்துக் கொஞ்சம் தேறினேன்.

ஆனால் ஓரமாக அவர் முழங்கால் பட்டுப் பட்டு இறுகிய இரண்டு வட்டம் இருக்குமே, புல்லே முளைக்காத இடம், புல் வெட்டுகிறவருக்கும் அங்கே வேலை இருக்கவில்லை. இந்த ஞாயிறு பார்த்தேன், அதையும் புல் மூடிவிட்டது. பிடுங்கிவிடலாமா என்று கை போனது. அப்பா இருந்தால் திட்டுவார் என்று விட்டுவிட்டு, நோட்டில் எழுதி மட்டும் வைத்தேன். எனக்குத் தாங்கவில்லையம்மா.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். நோட்டில் நான்கு பக்கம்தான் மிச்சம், வரும்போது புதிதாக ஒன்று வாங்கி வா. கோபத்தை வந்து காட்டு, வராமல் இருந்து காட்டாதே.

உன்னிடம் பொய் சொன்ன
அம்மா