அத்தானின் ஈரக் கை

2009 செப்டெம்பர் 26, சனி. ஸ்காபரோ.

பெரியக்காவின் கணவரோடு ட்ரவுட் மீன் பிடிக்கப் போன எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மழையில்லாமல் ஆறு வற்றித் தெளிந்து கிடந்தது. மீனுக்கு எங்கள் நிழலே தெரியும். நீரின் மேல் கொசு அளவில் சாம்பல் பூச்சிகள் பறந்தன. அந்த மேதை தூண்டிலில் கட்டியதோ பெருவிரல் அளவில் இறகால் செய்த செம்மஞ்சள் பொய்ப் பூச்சி. பெட்டி நிறையப் பூச்சி வைத்திருக்கிறார், ஆற்றைத்தான் பார்ப்பதில்லை. நான் சின்னச் சாம்பல் பூச்சியைக் கட்டினேன். இரண்டாம் வீச்சிலேயே ஒரு மீன் கவ்வியது.

அத்தான் ஓடிவந்து கையை நனைத்துக்கொண்டார்.

"காய்ஞ்ச கையால தொட்டால் அதுக்கு நோகும். பாவம், விட்டிடுவம்."

அது தெளிந்து நீந்தும்வரை இரண்டு கையாலும் தாங்கியிருந்தார்.

திரும்பும்போது காரில் சின்னக்காவைப் பற்றிச் சொன்னேன். ஊரில் சண்டை முடிந்து நாலு மாதம், இன்னும் முள்ளுக்கம்பி முகாமுக்குள்தான் இருக்கிறாள், தண்ணீருக்கே வரிசை என்றேன்.

"உயிரோட இருக்கிறாள்தானே. பேந்தென்ன?" என்று ரேடியோச் சத்தத்தைக் கூட்டினார்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "அடுத்த சனியும் வாறியோ?" என்றார்.

ஓம் அத்தான் என்றேன்.