வாங்காமல் போனவர்கள்

பிப்ரவரி 4, செவ்வாய்

தலைமை அலுவலகத்தில் விற்பனைத் திட்டப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்களாம். விண்ணப்பித்துவிட்டேன். எதிர் மேசையில் உட்காரும் மீசைக்காரனும் போட்டிருக்கிறான். "எடம் எனக்குத்தான், ஒதுங்கிக்கோ" என்றான். "கனவுல மெதுவா ஓட்டு, இடிச்சிடப் போற" என்றேன்.

நாங்கள் விற்கும் ஒரு காரின் விலைக்கு எங்கள் தெருவில் பாதியை வாங்கலாம். அதை விற்றுவிட்டு, மாலையில் என் கணவருடைய ஸ்கூட்டரின் பின்னால் தொற்றிக்கொண்டு வீடு திரும்புகிறேன். "வண்டி ரெடி மேடம், லெதர் சீட் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு." தினம் இதே ஜோக். தினம் சிரித்தும் தொலைக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

விற்பனையைப் பெருக்க ஒரு யோசனையோடு கம்பெனி இயக்குநர் முன்னால் பேசிக்காட்ட வேண்டுமாம். மீசை மின்சாரக் கார்களைப் பற்றிப் பேசுகிறான். படமும் வரைபடமுமாகத் தூள் பறக்கிறது. எனக்கு மண்டை காலி. இவர்தான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார்: "வாங்கினவங்களைப் பத்தியே பேசறீங்களே, பார்த்துட்டு வாங்காம போனவங்க என்ன ஆனாங்க?"

அட!

பிப்ரவரி 12, புதன்

வாங்காமல் போனவர்களுக்கெல்லாம் ஃபோன். பாதிப் பேர் வைத்துவிட்டார்கள். ஒருவர் என்னைக் கடன் கொடுக்கும் கம்பெனி என்று நினைத்துத் திட்டினார். பிறகு கிடைத்தார், கண் ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டரம்மா.

"உங்க ஆளு என் வீட்டுக்காரர்கிட்டயே பேசிட்டிருந்தான். என்னை ஒரு காபியோட ஓரமா உக்கார வெச்சுட்டான். காசு என்னுது, ஓட்டப்போறதும் நான். அவருக்குப் பிரேக் எங்க இருக்குன்னே தெரியாதும்மா."

எழுந்து போய், அன்றைக்கே வேறு கம்பெனியில் வாங்கிவிட்டாராம்.

"நல்லா இருக்கா டாக்டர்?"

"எங்க! கோவத்துல வாங்கினது. கலரே பிடிக்கல."

பிப்ரவரி 14, வெள்ளி

இன்னும் சில பெண்கள், எங்கள் மற்ற ஷோரூம்களுக்குப் போனவர்களும். ஆள்தான் வேறு, கதை ஒன்றே. ஒருத்தர் சொந்தமாக லாரி கம்பெனி வைத்திருக்கிறார். அவரிடம் "மேடம், கண்ணாடி பாருங்க, மேக்கப் போட வசதியா இருக்கும்" என்றார்களாம். லாரிக்காரரிடம்!

பிப்ரவரி 18, செவ்வாய்

சிரித்தது போதும். இதை மேலிடத்தில் சொன்னால் எங்கள் ஷோரூம் மேலாளரின் மானம் கப்பலேறும். என்னை இந்த வேலைக்கு எடுத்தவரே அவர்தான். பேசாமல் நானும் நாலு வரைபடம் காட்டிவிட்டு வந்துவிடலாமா? — சே, என்ன புத்தி இது.

முதலில் அவரிடமே சொன்னேன். முகம் சுண்டிப்போனது.

"என் கடையைப் பத்தியா போய்ச் சொல்லப்போற?"

"நம்ம கடை மட்டும் இல்ல சார். எல்லாக் கடையிலயும் இதே லட்சணம்தான்."

"அப்ப அதையும் சேர்த்துச் சொல்லு" என்று எழுந்து போய்விட்டார். கோபமா, சம்மதமா? சாயங்காலம் வரை முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

பேசிவிட்டேன். விற்பனைத் தலைவர் சிரித்தார்: "லேடீஸ் கலர்தானேம்மா கேப்பாங்க?"

வாய் சும்மா இருக்குமா? "அவங்க என்ன கேப்பாங்கன்னு நாம இதுவரைக்கும் கேட்டதே இல்லையே சார்" என்று சொல்லிவிட்டேன்.

இயக்குநர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

பிப்ரவரி 27, வியாழன்

இடம் மீசைக்கு.

வாழ்த்துச் சொன்னேன். மனசாரத்தான். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதுவும் மனசாரத்தான். இவர் கதவுக்கு வெளியே நின்று, "தண்ணி தீர்ந்துடும், வெளிய வந்து அழு" என்றார். வந்து அழுதேன்.

மார்ச் 3, திங்கள்

இயக்குநரே ஃபோன் செய்தார்! ஊரின் அந்தக் கோடியில் புது ஷோரூம் திறக்கிறார்களாம்.

"திட்டம் போடறதுக்கு ஆள் கிடைச்சாச்சு. நீங்க சொன்னதைச் செஞ்சு காட்ட ஆள் வேணும். மேலாளரா போறீங்களா? இந்த வருஷக் கடைசி வரைக்கும் பார்ப்போம். சரியா வரலைன்னா பழைய மேசைதான்."

"போறேன் சார்" என்று சொன்ன பிறகுதான் மூச்சு விட்டேன். பழைய மேலாளர் தன்னிடமிருந்த நல்ல விற்பனையாளர் ஒருவரை எனக்குத் தருகிறார். "வெச்சுக்கோ. நல்ல பையன். ஆனா வீட்டுக்காரம்மாவைப் பார்த்தா காபி கொடுத்துடுவான், பார்த்துக்கோ" என்றார். அப்பாடா, கோபமில்லை.

ஜூலை 12, சனி

புது ஷோரூமில் சனிக்கிழமைக் கூட்டம். நிற்க நேரமில்லை. ஒரு தம்பதி வந்தார்கள். பெரிய மாடல் மேல் கண். என் விற்பனையாளர் வேறொருவருடன் இருந்ததால் நானே போனேன். நேராக மனைவியிடம். எஞ்சின், பராமரிப்பு, திருப்பங்களில் எப்படிப் போகும் — ஒன்று விடவில்லை. சாவியை அவர் கையில் வைத்து, "ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க" என்றேன்.

அவர் சங்கடமாகச் சிரித்தார். "எனக்குக் காருன்னாலே தலை சுத்தும்ங்க. சும்மா துணைக்கு வந்தேன்."

பின்னாலிருந்து கணவரின் குரல், ரொம்பப் பணிவாக:

"மேடம், என்கிட்டயும் ஏதாவது பேசுங்களேன்."