ஓக்லஹோமாக்காரர்கள் வந்த கோடை

ஜூலை 17, புதன்

டியூஷன் சென்டரில் ஏசி மறுபடி படுத்துவிட்டது. பிள்ளைகள் வேர்வை சொட்டச் சொட்ட ஆங்கில வினைச்சொல் எழுதினார்கள். எல்லாம் தப்பு.

வீட்டுக்கு வந்து குளிர்ந்த சோமென் நூடுல்ஸை வாயில் வைக்கும்போது நிமுரா போதகரின் போன். அவர் முதலில் வெயிலைப் பற்றிப் பேசினால் ஏதோ கேட்கப்போகிறார் என்று பொருள். இன்று வெயிலைப் பற்றி வெகுநேரம் பேசினார்.

வெள்ளிக்கிழமை ஓக்லஹோமாவிலிருந்து ஏழு பேர் வருகிறார்களாம். பத்து நாள் ஊழியம். குழுவோடு கூடவே இருந்து நான் மொழிபெயர்க்க வேண்டும்.

"டீச்சர், உங்கள விட்டா இந்த ஊர்ல எனக்கு யாரு இருக்கா?"

யாரும் இல்லை, உண்மைதான். அமெரிக்காவில் எட்டு வருடம் இருந்துவிட்டு ஜப்பானுக்கு, அகிதாவின் இந்த மீன்பிடித் துறைமுகத்துக்கே திரும்பி வந்தேனே, அதற்கு இதுவும் ஒரு தண்டனை. சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் வருகிற சபை எங்களுடையது. அதை எழுப்பிவிட ஏழு பேர் கடல் தாண்டி வருகிறார்கள். தூங்குகிறவர்களைத் தூங்க விட்டால் என்ன?

ஜூலை 19, வெள்ளி

வந்துவிட்டார்கள். ஒவ்வொரு பெட்டியும் குளிர்சாதனப் பெட்டி அளவு. மஞ்சள் சட்டை, முதுகில் 'ஒளி' என்று நம் ஜப்பானிய எழுத்து, தலைகீழாக. சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. பத்து நாளும் அப்படியே திரியட்டும்.

தலைவர் பெயர் கிரெக். பல்லெல்லாம் வெள்ளை. வந்ததும் போதகரைக் கட்டிப்பிடித்தார். போதகர் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார். டார்லா என்று ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பாளராம். சிரித்தால் ஜன்னல் அதிர்கிறது. செருப்போடு கூடத்துக்குள் நேராக நடந்துவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நான்தான் கடவுள் அவளுக்குத் தந்த குரல் என்றாள்.

என் குரல் எனக்கே போதவில்லை.

ஜூலை 20, சனி

சூப்பர்மார்க்கெட் வாசலில் துண்டுப் பிரசுரம். ஒருவர் விடாமல் எல்லோரும் வாங்கிக்கொண்டார்களென்று கிரெக்குக்குத் தலைகால் புரியவில்லை. "இவ்வளவு பசியோட இருக்கிற ஜனங்கள நான் பார்த்ததே இல்ல."

இந்த ஊரில் கோர்ட் நோட்டீஸ் நீட்டினாலும் குனிந்து கும்பிட்டு இரண்டு கையாலும் வாங்குவார்கள். இதை அவருக்கு எந்த மொழியில் சொல்ல?

ஜூலை 21, ஞாயிறு

கிரெக்கின் பிரசங்கம். பேஸ்பால், முழங்கால் அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு கர்த்தர். நான் முழங்காலைப் பாதியாக்கினேன், பேஸ்பாலை எடுத்தே விட்டேன். கிரெக் சிரிப்புக்காகக் காத்திருந்த இடத்தில் சபையார் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

எங்கள் வீடு மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவ வீடு. போர்க்காலத்தில் தாத்தா இதற்காக வேலை இழந்தவர். இவர்கள் வந்து எனக்கு இயேசுவைப் பற்றிப் பொம்மை வைத்து விளக்குகிறார்கள்.

ஜூலை 22, திங்கள்

பொம்மை நாடகம். ஒரு குழந்தைகூட வரவில்லை. ஆடு காணாமல் போனதை நான்கு கிழங்கள் முகம் மாறாமல் பார்த்தார்கள்.

ஜூலை 23, செவ்வாய்

நகராட்சிக் குடியிருப்பின் பொது அறையில் தேநீர்க் கூட்டம். கினு அம்மா வந்திருந்தார். எண்பது தாண்டிவிட்டது. குடோ என்கிற புத்தமதக் குடும்பம், மகன் தெத்சுயாவுக்கு மீன்சந்தை முனையில் பெட்ரோல் பங்க். ஆறு வருடமாக எங்கள் ஆராதனைக்கு வருகிறார். மூன்றாவது வரிசையில் உட்காருவார், ஒரு வார்த்தை பேசமாட்டார், முடிந்ததும் கேக்கை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போவார். கேக்குக்காக வருகிறார் என்பது என் முடிவு. பாவம், வரட்டும்.

டார்லா அவர் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டாள். கடவுளை நம்புகிறாரா என்று கேட்கச் சொன்னாள். அப்படியா கேட்பது, முதல் தடவை பார்க்கிற ஒருவரிடம்? நான் கினு அம்மாவிடம், "டீ பிடிச்சிருக்கா?" என்றேன்.

"பிடிச்சிருக்கு."

டார்லாவிடம், "யோசித்துக்கொண்டிருக்கிறாராம்," என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டம் முடியும்வரை இப்படியே ஓட்டினேன். பாவம் செய்தீர்களா என்பது மழை வருமா என்று போனது. மனம் திரும்புவீர்களா என்பது பஸ்ஸில் திரும்புவீர்களா என்று போனது. யாருக்கும் காயமில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஜூலை 25, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அதே பொது அறை. டார்லா கினு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாகப் பேசினாள். கடவுளிடம் கேட்க வேண்டும் என்று மனதுக்குள் எதையாவது வைத்திருக்கிறீர்களா என்பதுதான் சாரம். நான், "இன்னொரு கப் டீ வேணுமான்னு கேக்குறாங்க," என்றேன்.

கினு அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னை நேராகப் பார்த்ததில்லை. நானும்தான்.

"டீச்சர், ஒண்ணு கேக்கவா? இந்தம்மா அவ்வளவு நேரம் பேசுறாங்க. கண்ணெல்லாம் கலங்குது. நீங்க என்னடான்னா டீ, மழை, பஸ்ஸுன்றீங்க. அவங்க ஊர்ல டீக்கெல்லாமா அழுவாங்க?"

டார்லா கேட்டதை அப்படியே சொன்னேன்.

"அப்படிச் சொல்லுங்க," என்று கப்பைக் கீழே வைத்தார். "இருக்கு."

தெத்சுயாவுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தையாம். ஏழாம் மாதமே பிறந்துவிட்டது, மூச்சில்லை. மாமியார் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். எங்கே என்று சொல்லவில்லை. பெயர் வைக்காததற்கு அழக்கூடாது என்று மட்டும் சொன்னாராம். கினு அம்மா அழவில்லை. மறுநாள் மீன் காயப்போடப் போனார்.

"பேரே இல்லாத பிள்ளைய கடவுளுக்கு எப்படித் தெரியும்? எப்படிக் கூப்பிடுவாரு? அதான் கேக்கணும்."

சொன்னேன். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. டார்லா வசனம் எடுத்து விடுவாள் என்று காத்திருந்தேன். பையில் எல்லாவற்றுக்கும் வசனம் வைத்திருக்கிறவள்தானே. அவள் பையைத் திறக்கவே இல்லை. "எனக்குத் தெரியாது," என்றாள். கொஞ்சம் கழித்து, "என்ன பேர் வெச்சிருப்பாங்கன்னு கேளுங்க."

நான் ஆங்கிலத்தில், இங்கே அப்படியெல்லாம் கேட்கமாட்டோம், அது ரொம்ப மோசம், விட்டுவிடு என்றேன்.

"என்ன சொன்னாங்க?" என்றார் கினு அம்மா. "முழுசாச் சொல்லுங்க டீச்சர்."

சொன்னேன்.

"ஃபுமி."

யோசிக்கவே இல்லை. நாக்கு நுனியில் வைத்துக்கொண்டே அத்தனை காலமும் மீன் காயப்போட்டிருக்கிறார். "யாரும் கேக்கல," என்று டார்லாவைப் பார்த்துச் சிரித்தார். அந்த முட்டாள் பெண் ஓவென்று அழுதாள். கினு அம்மாதான் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

நான் கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனேன். யாரும் டீ கேட்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

கினு அம்மா ஞானஸ்நானம் கேட்டார். கிரெக் துள்ளிக் குதித்து, நாளைக்கே, கடலில், சூரிய உதயத்தில், வீடியோவோடு என்றார்.

நிமுரா போதகர் பற்களுக்கிடையே மூச்சை இழுத்து, "அது கொஞ்சம் கஷ்டம்…" என்றார். நம் ஊரில் அதற்கு முடியாது என்று அர்த்தம். கிரெக்குக்கு, கஷ்டப்பட்டால் முடியும் என்று அர்த்தம். போதகர் என்னைப் பார்த்தார். நான் விளக்கவில்லை. சொல்ல வேண்டியதை வாய்திறந்து அவரே சொல்லட்டுமே. முப்பது வருடமாக இந்த மனிதர் மூச்சை இழுத்தே சபை நடத்துகிறார்.

பிறகு அவரிடம் எரிச்சலோடு கேட்டேன்: "ஃபுமியப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாதாம். "இறந்தவங்க பேரெல்லாம் நவம்பர்ல வாசிப்போம்ல, அந்த ஞாயித்துக்கிழமைதான் அந்தம்மா முதல்ல வந்தாங்க. ஏன் வந்தீங்கன்னு கேட்டா சங்கடப்படுவாங்களேன்னு…"

சங்கடம். நாங்கள் ஆறு வருடம் கேக் கொடுத்தோம்.

ஜூலை 27, சனி

கடலுக்குப் போகவில்லை. விடிந்ததும் சபை வாசலில் தெத்சுயாவின் சின்ன லாரி. கினு அம்மா உள்ளே சீட்டில். நேற்று சாப்பிடும்போது மகனிடம் எல்லாம் சொல்லிவிட்டாராம்.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றினான். மஞ்சள் சட்டைகளைப் பார்க்காமல் என்னிடம் பேசினான்.

"டீச்சர், எனக்கு ஒரு அக்கா இருந்துச்சுன்னு ஒரு வெள்ளக்காரம்மாவுக்கு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

"ஆமா."

"அவங்க வெளியூரு. நீங்க இந்த ஊருதானே? எங்கம்மாவ எத்தன வருசமா வாராவாரம் பாக்குறீங்க?"

அதற்குள் கிரெக், சத்துரு இந்தக் குடும்பத்தைப் பிடித்திருக்கிறான், இப்போதே கைவைத்து ஜெபிக்க வேண்டும் என்றார். முந்தின நாட்களாக இருந்தால், வெயிலாக இருக்கிறதென்கிறார் என்றிருப்பேன். இன்று மொழிபெயர்த்தேன். "உங்களுக்குள்ள சாத்தான் வேலை செய்யறான்னு சொல்றாரு."

தெத்சுயா தொப்பியைப் போட்டுக்கொண்டான். "என்கிட்ட ரெண்டு பசங்கதான் வேலை செய்யறாங்க, ரெண்டு பேரும் லீவுன்னு சொல்லுங்க."

அதையும் சொன்னேன். கிரெக்கின் பல் மறைந்தது.

கினு அம்மா லாரியிலிருந்து மெல்ல இறங்கி வந்தார். "கடல்ல வேண்டாம் டீச்சர். ஊரே நின்னு பாக்கும், இவன் பொழப்பு கெடும். இவரு ஊருக்குப் போகணும், அதான் அவசரப்படுறாரு. நான் இங்கதான இருக்கப்போறேன். எனக்கு எப்ப வேணுமோ அப்ப."

இதைவிட நல்ல வாக்கியத்தை நான் இதுவரை மொழிபெயர்த்ததில்லை. கிரெக் கீழ்ப்படிதல் பற்றி ஆரம்பித்தார். டார்லா அவர் கையைப் பிடித்து, "போதும்," என்றாள். அவளிடமிருந்து அவ்வளவு சின்ன வாக்கியம்.

ஜூலை 29, திங்கள்

போனார்கள். ஸ்டேஷனில் கிரெக் கேமராவைப் பார்த்து, ஒரு ஆத்துமா ஆதாயமானது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கினு அம்மாவைக் கணக்கில் சேர்த்துவிட்டார். மீன் பிடிக்கிறவர்கள்கூட வலையில் விழுந்ததைத்தான் எண்ணுவார்கள்.

டார்லா கட்டிப்பிடித்தாள். வாசனைத் திரவியம் இன்னும் என் சட்டையில் இருக்கிறது. காதோரம், "கினு அம்மாகிட்ட முதல்ல நீங்க நான் சொன்னதச் சொல்லல, இல்லையா?" என்றாள்.

"சொல்லல."

"நான் ரொம்பப் பேசுறேன்," என்றாள். ரயில் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 14, புதன்

ஓபோன். ஊர் முழுக்கச் செத்தவர்கள் வீட்டுக்கு வருகிற நாள். கினு அம்மா வீட்டு வழியாக நடந்தேன். உள்ளே போகவில்லை. போகலாம் என்று தோன்றியதே புதிது.

செப்டம்பர் 5, வியாழன்

பெட்ரோல் போட்டேன். தெத்சுயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஞானஸ்நானத் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்டான். இடுப்பளவு என்றேன். "எண்பது வயசுக்கு மேல ஆச்சு. பச்சத் தண்ணியில இறக்கிடாதீங்க." மீதிச் சில்லறையை நீட்டினான். பேச்சு அவ்வளவுதான்.

நவம்பர் 3, ஞாயிறு

இறந்தவர்கள் பெயர் வாசிக்கும் ஆராதனை. போதகர் என் தாத்தா பெயரை வாசித்தார், அப்பா பெயரை வாசித்தார். கடைசியில் மூச்சை இழுத்தார். இன்றும் தயங்கப்போகிறார், இந்த மனிதர் உருப்படப்போவதில்லை என்று நினைத்தேன்.

"குடோ ஃபுமி."

கணீரென்று வாசித்தார். மூன்றாவது வரிசையில் கினு அம்மா, "இருக்கேன்," என்கிற மாதிரி லேசாகத் தலையசைத்தார். பிள்ளைக்குப் பதில் தாய் சொல்வதுபோல. கதவருகே தெத்சுயா, பங்க் சீருடையில், காலணியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். பாட்டு ஆரம்பித்ததும் போய்விட்டான்.

ஞானஸ்நானம் கிறிஸ்துமஸுக்கு. கினு அம்மாவே தேதி சொன்னார். சுடுதண்ணீர் தெத்சுயா பொறுப்பு.

நவம்பர் 17, ஞாயிறு

முதல் பனி. எட்டுப் பேர்தான் வந்தார்கள். ஓக்லஹோமாவிலிருந்து மின்னஞ்சல், அடுத்த கோடைக்குப் பன்னிரண்டு பேராம், பொம்மைகளும் உண்டு. கடவுளே.

ஆராதனை முடிந்து எல்லோரும் கோட்டு மாட்டினார்கள். கடைசி வரிசையில் சகுமா ஐயா அசையாமல் உட்கார்ந்திருந்தார். கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எப்போதிலிருந்து வருகிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. பிரசங்கம் முழுக்கத் தூங்குவார்.

போய் முன்னால் நின்றேன். பனி நிறைய என்றேன். நிறையத்தான் என்றார். போய்விடலாம் என்று திரும்பினேன், திரும்பவும் வந்தேன்.

"ஐயா, நீங்க எதுக்காக இங்க வர்றீங்க?"

அவர் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தார்.

உட்கார்ந்தேன்.