உன் கட்டத்தில் விழுந்த கோடுகள்

சட்டைக் கையில் ஈரச் சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. இன்று உன் கட்டத்தின் மேல் சாய்ந்து நின்றேன். அம்மா தூங்கும்வரை காத்திருந்து, அடுப்படி விளக்கில் எழுதுகிறேன். செத்துப்போன சிநேகிதிக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தால் அடிப்பாள்.

நம் வகுப்புச் சுவரில், பாயில் உட்கார்ந்தபடியே எழுதும் உயரத்தில் கரும்பலகை ஓடுகிறதே, அதில் ஆளுக்கொரு கட்டம். என்னுடையதற்குப் பக்கத்தில் உன்னுடையது. டீச்சர் ஏதாவது ஒரு பொருளை நடுவில் வைப்பார். பார்த்ததை இடப்பக்கமும் நினைத்ததை வலப்பக்கமும் எழுத வேண்டும். மற்ற எல்லோரும் இரண்டையும் குழப்புவோம். நீ குழப்பியதே இல்லை. பள்ளி விட்ட பிறகும் என்னை விடமாட்டாய். ஒருநாள் திராட்சைத் தோட்டத்தில் காவலுக்கு இருந்த என் மாமாவைப் பார்த்து, “மாமா கோவமா இருக்காக, ஓடிரு புள்ள” என்று உன்னிடம் சொன்னேன்.

“அது நீ நெனச்சது. பாத்தது என்ன?”

“மீச ஆடுது.”

“வெத்தல மென்னாலும் மீச ஆடும்ல?” என்றபடி நேராக அவரிடம் போனாய். ஒரு கொத்துப் பழத்தோடு வந்தாய்.

அப்புறம் காய்ச்சல் என்று உன்னைத் தேனிக்குக் கொண்டுபோனார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டுதான் திரும்பினார்கள்.

மழைக்காலம் தொடங்கியதும் ஒரு காலையில், துடைத்து வைத்திருந்த உன் கட்டத்தில் வெள்ளைக் கோடுகள் இருந்தன. “ஏலே, அவ வந்து எழுதிட்டுப் போயிருக்காடா!” என்று பையன்கள் கத்தினார்கள். ஒருவன் என்னைக் காட்டி, “அடுத்து இவளத்தான் கூப்புடுவா” என்றான். அம்மா என் பையில் வேப்பிலை வைத்து, “அங்கன ஒக்காராத ஆத்தா” என்றாள். எனக்கும் பயம்தான். ஆனாலும் தினமும் முதல் ஆளாகப் போய் அந்தக் கோடுகளைத்தான் பார்ப்பேன். சில காலைகளில் புதிதாக இருக்கும். ஒன்று உன் பெயரின் முதல் எழுத்தைப் போலவே இருந்தது.

இன்று பகலில் மழை பெய்யும்போதே கோடு விழுந்தது. எல்லோரும் ஒதுங்கினார்கள். நான் மட்டும் கிட்டப் போனேன். கூரையில் ஓடு விலகியிருந்தது. தண்ணீர் மேல்சுவரின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு உன் கட்டத்தில் வழிந்தது.

“பாத்தத மட்டும் சொல்லும்மா” என்றார் டீச்சர். சொன்னேன். பையன்கள் சிரித்தார்கள். பெண்கள் பாயை மறுபடி உன் கட்டத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்கள். “அவ இருந்திருந்தா கை தட்டியிருப்பா” என்றார் டீச்சர். நாளை ஓட்டைச் சரிசெய்து, ஆண்டிபட்டியிலிருந்து வந்திருக்கும் புதுப் பெண்ணை அங்கே உட்காரவைக்கப்போகிறார்.

வேப்பிலையை எடுத்து எறிந்துவிட்டேன். நீ வருவாய் என்ற பயம் எனக்கு இப்போது இல்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். நாளைக் காலையிலும் முதல் ஆளாக ஓடிப்போய், நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று பார்த்திருப்பேன்.