சம்பழம்

பள்ளிக்கூடத்தில் டீச்சர், வீட்டில் அம்மா, கோபம் வந்தால் ஹெட்மாஸ்டர் என்று மூன்று வேலை பார்த்து ஒரே ஒரு சம்பளம் வாங்கிய என் டீச்சரம்மாவுக்கு,

நீ போட்ட லீவு ரொம்ப நீளமாகப் போகிறது. லீவு லெட்டர்கூடக் கொடுக்கவில்லை. உன் வகுப்புப் பிள்ளை இப்படிச் செய்திருந்தால் வீடு தேடிப் போய்க் கையோடு இழுத்து வந்திருப்பாய். உன்னைத் தேடி நான் எந்த வீட்டுக்குப் போவது?

முதலில் நல்ல செய்தி. எஸ்.எஸ்.எல்.சி. பாஸாகிவிட்டேன். கணக்கிலும்தான், சிரிக்காதே. பங்குனிப் பொங்கல் முடிந்து உன்னைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த வாரத்தில் எழுதிய பரீட்சை. காமாலையில் உன் கண்ணில் ஏறியிருந்த மஞ்சள்தான் வினாத்தாள் முழுக்கத் தெரிந்தது. எப்படி எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

இன்னொரு செய்தி, அது நல்லதா கெட்டதா என்று நீதான் சொல்ல வேண்டும். டீச்சர் டிரெயினிங் ஸ்கூலில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதே வாரத்தில் நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியிலும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆபீசில் உட்கார்ந்து வேலைக்காரர்களுக்குச் சம்பளம் போடுகிற வேலை. ரெண்டு வருசம் டிரெயினிங் முடித்து நான் வாங்கப்போவதைவிட அங்கே இப்போதே கூடுதல், தீபாவளிக்கு போனஸ் தனி. திங்கட்கிழமைக்குள் ரெண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். அய்யாவிடம் முதலில் கேட்டபோது, "ஒன் இஷ்டம் தாயி" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

எனக்குப் பேச்சியம்மாள் என்று பெயர் வைத்தது நீதானே? இப்போது பார், பேச்சுக்கு ஆள் இல்லாத பேச்சி. அய்யா அச்சாபீசில் லேபிள் அடித்துவிட்டு வந்து, விரலில் சிவப்பு மையோடு சாப்பிட்டு எழுந்துவிடுகிறார். போன வாரம் அவருடைய தீப்பெட்டியை ஒளித்து வைத்தேன். ஊரே தீப்பெட்டி செய்கிற ஊரில் ஒரு வீட்டில் மட்டும் தீப்பெட்டி இல்லை என்றால் எவ்வளவு பெரிய கூத்து! நீ இருந்திருந்தால் விளக்குமாறு பறந்திருக்கும். அய்யா தேடவே இல்லை. அடுப்பிலிருந்து கொள்ளியை எடுத்துப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். ஏமாறுவதற்குக்கூட ஆள் இல்லாத வீடு எவ்வளவு பெரிதாக இருக்கிறது தெரியுமா அம்மா?

பள்ளிக்கூடத்தில் உனக்கு இரங்கல் கூட்டம் போட்டார்கள். மேலிடத்திலிருந்து வந்த ஒருவர், "ஆசிரியர்கள் மெழுகுவத்தி மாதிரி, தன்னை உருக்கி வெளிச்சம் தருகிறவர்கள்" என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். மெழுகுவத்திக்குப் பசிக்காது, அதனால்தான் அவருக்கு அந்த உவமை பிடித்திருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் நகைச்சுவைக்கு வந்த நிலைமை இது.

வாத்திக்கும் வத்திக்கும் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம் என்று நான் சொன்னபோது நீ சிரித்தாய். உனக்கு அந்தக் கால்கூட இல்லை. பகலெல்லாம் வாத்தி, பொழுது சாய்ந்தால் பக்கத்து வீட்டு முத்தக்காவோடு உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவாய். பசையில் கலக்கிற மயில்துத்தம் உன் நகக்கண்ணில் நீலமாக நிற்கும். இன்ஸ்பெக்டர் ஒரு தடவை அதைப் பார்த்து, "என்னம்மா, மையா?" என்று கேட்டார். "மைதான் சார்" என்றாய். வறுமையிலும் மை இருக்கிறது, பெருமையிலும் மை இருக்கிறது. எந்த மையைச் சொன்னாய்?

அணா போய்ப் புதுக்காசு வந்தபோது, "நயா பைசா வந்துருச்சு, நியாயப் பைசா எப்ப வரும்?" என்று நான் கேட்டதற்கு என் காதைத் திருகினாய்.

செல்லியை நினைவிருக்கிறதா? எப்படி மறப்பாய், முத்தக்கா மகள், எனக்குப் பக்கத்துப் பலகை. நம் ஊரில் யார் நாக்குக்கு ழ வரும்? பழம் என்றால் பளம், மழை என்றால் மளை. நாக்கை மடி, மடி என்று நீ ஒரு வருசம் மல்லுக்கட்டியதில் செல்லிக்கு மட்டும் ழ வந்தது. வந்த ழ போகவே இல்லை! கண்ட இடமெல்லாம் ழ. பள்ளிக்கூடம் பழ்ழிக்கூடம் ஆனது. முதல் தேதி தாண்டி ஒரு நாள் அவள் வகுப்பில் எழுந்து, "டீச்சர், ஒங்களுக்குச் சம்பழம் வந்துருச்சா?" என்று கேட்டாள். நீ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

"இது ஒண்ண மட்டும் நான் திருத்தமாட்டேன். கேக்கவாவது இனிக்குதே" என்றாய்.

"உரிச்சுப் பாருங்க டீச்சர், தோல் மட்டுந்தான் இருக்கும்" என்றேன் நான். பெஞ்சு மேல் ஏற்றினாய்.

அந்த வருசத் தீபாவளிச் சீசனில்தான் முத்தக்கா அவளைக் கம்பெனிக்குத் தீக்குச்சிக் கட்டை அடுக்க அனுப்பப்போவதாகச் சொன்னது. பசைச் சட்டி நடுவில் இருக்க, நீங்கள் ரெண்டு பேரும் பெட்டி ஒட்டிக்கொண்டே பேசினீர்கள்.

"நல்லாப் படிக்கிற பிள்ள முத்தக்கா. அவள நிப்பாட்டாதீக."

"படிச்சா என்ன டீச்சர் கெடைக்கும்?"

"என்னைய மாதிரி வேலைக்குப் போகலாம்."

"ஒங்க சம்பளம் எம்புட்டு டீச்சர்?"

நீ பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு சொன்னாய்: "போதும்ங்கிற அளவுக்கு வருதுக்கா."

முத்தக்கா உன் நகத்தைப் பார்த்தது, தன் நகத்தைப் பார்த்தது. "எனக்கும் அதே அளவுதான் வருது. அதுக்கு எதுக்கு எம் மக அம்புட்டுப் படிக்கணும்?"

மறுநாள் எனக்குப் பக்கத்துப் பலகை காலி.

போதும் என்பது பந்தியில் கையை மறித்துச் சொல்கிற சொல். இலையில் சோறு விழுவதற்கு முன்பே சொன்னவள் நீ ஒருத்திதான் அம்மா.

போன சனிக்கிழமை, வேலையைப் பார்த்துவிட்டு வரலாமே என்று நாரணாபுரம் போனேன். வாரக்கூலி போடுகிற நேரம். மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் பெயர் பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனிக் காற்றில் புழுதி பறக்க, வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல்:

"அண்ணாச்சி, வெரசாச் சம்பழத்தப் போடுங்க! வீட்டுக்குப் போவணும்."

வரிசையே சிரித்தது. நான் எட்டிப் பார்த்தேன். செல்லி! கையெல்லாம் வெள்ளி மருந்து, தலையெல்லாம் தூசி, வாயில் மட்டும் உன் ழ.

"சம்பளம்னு சொல்லு பிள்ள. நாக்குச் சுளுக்கிக்கிடப் போவுது" என்றார் அவர்.

"எங்க டீச்சரே திருத்தல. நீங்க திருத்தாதீக."

கூலியை வாங்கி முடிந்துகொண்டு என்னிடம் வந்தாள். "இங்கனயா வரப்போற? வந்துரு பிள்ள, நெழல்ல வேல" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நெசமாச் சொல்லு. டீச்சருக்கு என்னைய விடக் கம்மியா?"

"சீசன் மாசத்துல கம்மிதான்" என்றேன். நம் வீட்டிலிருந்து அந்த உண்மை வெளியே போனது அதுதான் முதல் தடவை.

அவள் கோபப்பட்டாள். உன் மேல்! "பெறகு எதுக்கு எங்கம்மாட்டப் போதும்னு சொன்னாக? பத்தாதுன்னு சொல்லிருந்தா எங்கம்மா பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கே போயிச் சண்ட போட்டிருப்பா. போதும்னு சொன்னதும், படிப்போட வெல அம்புட்டுதான்னு நெனச்சுக்கிட்டா."

போகும்போது இதையும் சொன்னாள். "ஒங்கம்மா கிளாசுக்கு இன்னும் ஆளு வரல. ரெண்டு கிளாச ஒண்ணாப் போட்டு வச்சிருக்காக. எந் தங்கச்சி இன்னமும் பளம்னுதான் சொல்லுதா."

நடந்தே வீட்டுக்கு வந்தேன். பத்தாது, பத்தாது என்று சொல்லிக்கொண்டே. நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு எவ்வளவு மரியாதை! குச்சி பத்தாது என்று கடைக்காரர் ஒருவர் சொன்னால் லோடே திரும்பி வருகிறது, கம்பெனி அலறுகிறது. சம்பளம் பத்தாது என்று நீ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால்? அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் செல்லியின் சம்பழத்தைத் திருத்துகிற ஆளாகிவிடுவேன். என்னால் முடியாது.

அய்யாவிடம் சொன்னேன், டிரெயினிங்தான் போகிறேன் என்று. "ஒங்கம்மா சம்பளத்துக்காகவா அந்த வேலைக்குப் போனா?" என்றார்.

"அது தெரிஞ்சுதான் மேலிடத்து ஆளுக நல்ல சம்பளம் குடுக்கல அய்யா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பங்குனிக்குப் பிறகு முதல் தடவையாகச் சுவரை இல்லை, என்னை. "தீப்பெட்டிய எங்கன ஒளிச்சு வச்ச, களவாணி?"

கவனித்திருக்கிறார் அம்மா. ரெண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் உன் சிரிப்பு மட்டும் குறைந்தது.

திங்கட்கிழமை டிரெயினிங் ஸ்கூலுக்குப் பதில் சொல்லப் போகிறேன். உன் ழவை செல்லியின் தங்கச்சி நாக்கில் ஏற்றுகிற வரை விடமாட்டேன். பெட்டி ஒட்டினால் நகத்து நீலத்தை மை என்று சொல்லமாட்டேன். யாராவது ஒருநாள், "ஒங்க சம்பளம் எம்புட்டு டீச்சர்?" என்று கேட்பார்கள். தொகையைச் சொல்லிவிட்டு, பத்தாது என்பேன், முத்தக்கா காதில் விழுகிற மாதிரி.

இப்படிக்கு,
பேச்சு மாறாத உன் மகள்,
பேச்சி