அறிவுமதிக்குச் சமாதானம் இல்லை

15 ஜூன் 2024, சனி

இன்று சிதம்பரத்தில் ஒரு காபிக் கடையில் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். நான்கு நிமிடம் இருக்கும். வயது ஐம்பத்தொன்று. எடையை எழுதமாட்டேன், சொந்த டைரிதான் என்றாலும் என் மகன் சார்லஸ் என்றாவது ஒருநாள் படிப்பான்.

காரணம் அனுப்பிரியா. எங்கள் கடலூர் செம்மண்டலம் சபையின் வாலிபர் கூட்டத்துப் பெண், சிதம்பரத்தில் படிக்கிறாள். தோழிகளோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். என் எதிரே செல்வன் சார். மே மாத முகாமில் அவளுக்கும் இன்னும் முப்பது பிள்ளைகளுக்கும் "கிறிஸ்தவ வாலிபரும் டேட்டிங்கும்" என்று ஒன்றரை மணி நேரம் வகுப்பெடுத்தவள் நான். ஆணும் பெண்ணும் தெரிந்தவர்கள் இல்லாத ஊரில் தனியாகச் சந்திக்காதீர்கள் என்று கையை உயர்த்திச் சொன்னவளும் நான்தான். அப்படிச் சொன்னவள் ஒன்றே கால் மணி நேரம் பஸ்ஸில் வந்து ஒருவரோடு காபி குடித்துக்கொண்டிருந்தால்?

"டீச்சர், என்ன விழுந்துச்சு?" என்று செல்வன் சார் குனிந்து கேட்டார்.

"சாவி."

"இருங்க, நானும் தேடறேன்" என்று அவரும் இறங்கப் பார்த்தார். அந்த மனிதருக்குப் பொய் பிடிபடாது.

அதற்குள் ஒரு ஜோடி வெள்ளை ஷூ வந்து நின்றது. அனுப்பிரியாவின் தலை கீழே நீண்டது. "ஸ்தோத்திரம் ஆன்ட்டி. கெடச்சுதா?"

16 ஜூன், ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் வந்தாள். "ஆன்ட்டி, நான் யாருகிட்டயும் சொல்லல."

"சொல்றதுக்கு என்னடி இருக்கு?"

"அதான் ஆன்ட்டி, ஒண்ணும் இல்ல. அந்த அங்கிள் நல்லா இருக்காரு."

சபையில் யார் வீட்டில் என்ன என்பதைத் திங்கட்கிழமைக்குள் எல்லோருக்கும் சேர்ப்பிக்கிறவள் நான். என் செய்தி இப்போது இருபது வயதுப் பெண்ணின் கையில்.

அதற்காகவாவது இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். ஏப்ரலில் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாம், வேதியியல். நாங்கள் திருத்தியதை மறுபடி பார்க்கிற தலைவர் செந்தமிழ்செல்வன், அதாவது செல்வன் சார். ஒரு மாணவனுக்கு அரை மதிப்பெண் கூடுதலாகத் தரலாமா என்று என்னோடு ஒரு மணி நேரம் வாதாடினார். கடைசியில் தந்தார். மனைவி இறந்து ஐந்து வருடம். அந்த நோயின்போது ஜெபிக்கப் பழகி, பிறகு ஞானஸ்நானம் எடுத்தவராம். ஒரே மகள் அறிவுமதி, சென்னையில் வேலை.

நான் ஜோக் சொன்னால் உடனே சிரிக்கமாட்டார். இரண்டு நிமிடம் கழித்து, நான் வேறு பேச்சுக்குப் போன பிறகு சிரிப்பார். என் வீட்டுக்காரர் முதல் வார்த்தையிலேயே சிரிப்பவர். அவர் போன பிறகு, ஒன்பது வருடமாக, என் ஜோக்குக்கு நானேதான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

29 ஜூன், சனி

இந்த முறை காபிக் கடை இல்லை. சிதம்பரம் ரயில் நிலையம், சிமென்ட் பெஞ்ச். நாலு பேர் பார்க்கிற இடம். என் வகுப்பின்படி சரி.

டப்பாவில் எலுமிச்சை சாதம் கொண்டுவந்திருந்தார். கண்ணை மூடி ஜெபித்தார். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். சட்டைக் காலர் தேய்ந்து, திருப்பித் தைத்திருந்தது. தைத்தது அவராகத்தான் இருக்கும். ஆமென் சொல்ல மறந்துவிட்டேன்.

"கடுகு ஜாஸ்தியாயிடுச்சு டீச்சர்" என்றார்.

சாப்பிட்ட பிறகு பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "எங்க பாஸ்டர் குடுத்தாரு. கடலூர்ல யாரோ போதகர் எழுதினதாம். இந்தக் காலத்துக்கு ஏத்த மாதிரி நல்லா எழுதியிருக்காரு."

என் வகுப்புக்கு நான் எழுதிய தாள். அச்சடித்த பிள்ளைகள் என் பெயரைப் போட மறந்துவிட்டார்கள், நானும் கேட்கவில்லை. இவர் பென்சிலால் அடிக்கோடு வேறு இட்டிருந்தார். ஒருவரைப் பிடித்திருந்தால் மாதக்கணக்கில் வாட்ஸ்அப்பில் இழுத்துக்கொண்டிருக்காமல் சொல்லிவிடு. உடல் நெருக்கம் திருமணத்துக்குப் பிறகு. முடிவெடுக்கும் முன் ஒரு மாதம் சந்திக்காமல், பேசாமல் ஜெபித்துப் பார். வீட்டாருக்கும் அதில் சமாதானம், அதாவது ஜெபித்த பின் மனத்தில் நிம்மதி, இருக்கிறதா என்று கேள்.

ஒரு மாதம் என்பதற்கு வேத ஆதாரம் எதுவும் கிடையாது. நாற்பது நாள் என்றுதான் முதலில் எழுதினேன். பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்று குறைத்தேன்.

"யாரோ நல்ல தேவ மனுஷர் போலருக்கு சார்" என்றேன்.

3 ஜூலை, புதன்

சார்லஸிடம் போனில் சொல்லிவிட்டேன். "அம்மா, நீ டேட்டிங் போறியா?" என்று சிரித்தான். பிறகு, "அவருக்குச் சுகர் இருக்கா?" என்று கேட்டான். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

14 ஜூலை, ஞாயிறு

வாலிபர் கூட்டத்தில் அனுப்பிரியா எழுந்து கேட்டாள்: "ஆன்ட்டி, இவுங்கதான் நமக்குன்னு ஜெபத்துல எப்படித் தெரியும்?"

குறும்பு, எனக்குத் தெரியாதா. ஆனால் மற்ற பிள்ளைகள் உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார்கள். ரீல்ஸில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்கிறார்கள், வீட்டில் கேட்டால் செல்போனைப் பிடுங்குவார்கள், மிச்சம் நாங்கள்தான். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆண்டவரிடம் கேளுங்கள், கூடவே அந்த ஆளிடமும் கேளுங்கள். நேராக. அடையாளம் காட்டும் ஆண்டவரே என்று பஸ் நம்பரை எல்லாம் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

பாஸ்டர் பின்னாலிருந்து இருமினார்.

என்னையே கேட்டுக்கொண்டேன்: நீ கேட்டாயா ராஜாமணி? நேராக?

20 ஜூலை, சனி

கேட்டுவிட்டேன்.

சிதம்பரம் பஸ் நிலையம், கடலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். "சார், உங்க வீட்ல ஒரு குக்கர், எங்க வீட்ல ஒரு குக்கர். ரெண்டுலயும் அர டம்ளர் அரிசி. கேஸ்தான் வேஸ்ட்."

அவர் யோசித்தார். "ஆமா டீச்சர். சின்ன குக்கரா பாத்து வாங்கணும்."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் நகரும்போது கீழே நின்றிருந்தவர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு சிரிப்பு நின்றது. நாலடி கூடவே ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தார். "ஜெபிக்கலாம் டீச்சர். ஒரு மாசம். அறிவுமதிகிட்டயும் கேட்டுட்டுச் சொல்றேன்."

ஐம்பத்தாறு வயது மனிதர் எனக்காக பஸ்ஸோடு ஓடினார். புதுச்சத்திரம் வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆலப்பாக்கம் தாண்டியதும்தான் உறைத்தது: ஒரு மாதம் சந்திக்கக் கூடாது, பேசக் கூடாது. நானே போட்ட சட்டம். சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

29 ஜூலை, திங்கள்

உபவாசம். பதினோரு மணிவரை. பிறகு ஆசிரியர் அறைக்கு வடை வந்தது.

6 ஆகஸ்ட், செவ்வாய்

காட்டன் புடவை ஒன்று எடுத்தேன், மாம்பழ நிறம். கடைக்காரர், "ஏதாவது விசேஷமாம்மா?" என்றார். "ஜெபத்துல இருக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் படத்தைத் துடைத்தேன். அவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமல்லவா. கேட்டேன். படத்தில் எப்போதும் சிரிக்கிற முகம்தான். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

20 ஆகஸ்ட், செவ்வாய்

சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றவில்லை, போன் வந்தது.

"டீச்சர், நல்லா இருக்கீங்களா?"

"ஒரு மாசம் வாய மூடிக்கிட்டு இருந்ததுல கொஞ்சம் எளச்சிருக்கேன் சார்."

சிரிப்பு வருமென்று காத்திருந்தேன். அவருக்கு நேரம் எடுக்கும், தெரியும்.

"அறிவுமதிக்குச் சமாதானம் இல்ல டீச்சர்."

"ஏன்னு சொன்னாளா?"

"இல்ல டீச்சர். சமாதானம் இல்லனு மட்டுந்தான்." பிறகு, "அந்தப் பேப்பர்லயே போட்டிருக்கு. வீட்டாருக்குச் சமாதானம் இல்லன்னா..."

"தெரியும் சார்."

"உங்களுக்கும் குடுத்தாங்களா?"

"ம். குடுத்தாங்க."

எங்கள் சபைகளில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்கலாம், சண்டை போடலாம், நடுவில் நாலு பேரை வைத்துப் பேசலாம். சமாதானம் இல்லை என்பது ஜெபித்துவிட்டு வந்த பதில். அதை எதிர்த்துக் கேட்டால் ஆண்டவரையே எதிர்த்துக் கேட்டது போல. எத்தனை வரன்கள் இப்படித் திரும்பிப் போயிருக்கின்றன, நானே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் — அவுங்க வீட்ல எப்படி இருந்திருக்கும்னு ஒருநாளாவது நெனச்சேனா?

என்னப் பாத்ததுகூட இல்லையே அந்தப் பொண்ணு. பாக்காம எப்படி சமாதானம் இல்லாமப் போவும்? ஒரு தடவ வந்து பாத்திருக்கலாம். பாத்திருந்தா என்ன, இன்னும் சீக்கிரமா சொல்லியிருப்பா. வாயாடி, குண்டு, எதுக்கெடுத்தாலும் சிரிக்கிறவ. எங்கப்பாவுக்கு இதுவான்னு — போதும். எழுத வரல.

21 ஆகஸ்ட், புதன்

அரை டம்ளர் அரிசி.

8 செப்டம்பர், ஞாயிறு

பெண்கள் கூட்டத்தில் வாய் நிற்கவில்லை. "சென்னைக்கு வேலைக்குப் போற இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு அவுங்க சமாதானந்தான் பெருசு. அப்பன் தனியாக் கெடந்தா என்ன, செத்தா என்ன."

தங்கம்மாள் அக்கா உஷாரானார். "யாரச் சொல்ற?"

"பொதுவாச் சொன்னேன்க்கா."

நான் பொதுவாக எதையும் சொன்னதில்லை என்பது சபைக்கே தெரியும். மாலைக்குள், மகள்களைச் சென்னைக்கு வேலைக்கு அனுப்பியிருக்கும் இரண்டு குடும்பங்கள் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டன. இரண்டுமே நான் நினைத்துச் சொன்ன குடும்பம் இல்லை. மன்னிப்புக் கேட்கப் போனால் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். போகவில்லை.

வாசலில் அனுப்பிரியா பிடித்துக்கொண்டாள். "நேராக் கேட்டீங்களா ஆன்ட்டி?"

"கேட்டேன்."

"அப்புறம்?"

"நேராப் பதில் வந்துடுச்சு."

அவள் என் பையை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தாள். இந்தப் பிள்ளையை நான் வகுப்பெடுத்துத் திருத்தப் போனேன்.

20 அக்டோபர், ஞாயிறு

அந்தத் தாளை மறுபடி அச்சடிக்கப் போகிறார்களாம், திருத்தித் தரச் சொன்னார் பாஸ்டர். ஒரு மாதத்தை அடித்தேன். வீட்டாரின் சமாதானத்தையும் அடித்தேன். "அதுதானே டீச்சர் முக்கியமான பாயிண்ட்" என்று இரண்டையும் திரும்பச் சேர்த்துவிட்டார். அவர் சொல்வதும் சரி. யார் மனத்தையும் நோகடித்து ஒரு வீட்டைத் தொடங்கக் கூடாது என்று நம்பித்தான் எழுதினேன். இன்றைக்கும் நம்புகிறேன். எனக்கு வலிக்கிறது என்பதற்காக அது பொய்யாகிவிடுமா?

இன்று முதல் அந்தப் பெண்ணுக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன். ஆண்டவரே, அறிவுமதிக்குச் சமாதானம் கொடும். எனக்காகக் கேட்கவில்லை. கொஞ்சம் எனக்காகவும்தான். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

2 டிசம்பர், திங்கள்

புயல், வெள்ளம், மின்சாரம் இல்லை. பக்கத்து வீட்டில் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றியதும் ஒரு செய்தி விழுந்தது. "பத்திரமா டீச்சர்?" செல்வன் சார் சனிக்கிழமையே அனுப்பியிருக்கிறார். "பத்திரம் சார்" என்று பதில் போட்டேன். கூட ஒரு ஜோக் தட்டினேன். அனுப்பாமல் அழித்தேன்.

25 டிசம்பர், புதன்

சார்லஸ் வந்திருக்கிறான். மாம்பழ நிறத்தைக் கட்டிக்கொண்டு ஆராதனைக்குப் போனேன். புடவை என்ன பாவம் செய்தது.

அறிவுமதிக்கான ஜெபம் இப்போது பல்லைக் கடிக்காமலே வருகிறது. அவள் முகம் தெரியாததால் நானே ஒன்று செய்து வைத்திருக்கிறேன்: அப்பாவின் நெற்றி, இறுகிய வாய். இன்று அந்த வாய் கொஞ்சம் இளகியது போல இருந்தது. தாயில்லாத பெண். அம்மா இருந்த இடத்தில் இன்னொருத்தி வருவதை எந்தப் பெண் தாங்குவாள்? நானாக இருந்தால் தாங்கியிருப்பேனா? மன்னித்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

16 பிப்ரவரி 2025, ஞாயிறு

சிதம்பரத்தில் கலியமூர்த்தி சார் மகள் கல்யாணம். முகாமில் எங்கள் மேசையில் விடைத்தாள் திருத்தியவர், போகாமல் இருக்க முடியாது. செல்வன் சார் வந்திருப்பார் என்று மண்டபத்தில் தூண் தூணாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். இல்லை.

பந்தியில் பக்கத்து இலையில் ஒரு பெண். சாம்பார் ஊற்றுகிறவரைப் பார்த்து நான் ஏதோ சொன்னேன். முதல் வார்த்தையிலேயே கொல்லென்று சிரித்தாள். "நீங்க கெமிஸ்ட்ரியா டீச்சர்? எங்கப்பாவும் கெமிஸ்ட்ரிதான். செந்தமிழ்செல்வன். அவருக்குக் காய்ச்சல், அதான் நான் வந்தேன்."

"அறிவுமதியா?" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஆமா. என்னப் பத்திச் சொல்லியிருக்காரா?"

"சொல்லியிருக்காரும்மா."

நெற்றிகூட அப்பா மாதிரி இல்லை. வட்ட முகம், ஓயாத வாய். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அப்பாவுக்கு யாராவது நல்லவுங்க இருந்தா சொல்லுங்க டீச்சர். ரெண்டு வருஷமா நானும் கெஞ்சறேன், கல்யாணம் பண்ணிக்குங்கப்பான்னு. பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடறாரு."

சோற்றைப் பிசைந்தேன். பிசைந்துகொண்டே இருந்தேன்.

"போன ஆகஸ்ட்ல... அப்பா உங்கிட்ட எதாவது கேட்டாராம்மா?"

"எதப் பத்தி டீச்சர்?"

"சும்மாதாம்மா."

பாயசம் வந்தது. கை கழுவிவிட்டு வந்தபோது வாசலருகே செல்போனோடு காத்திருந்தாள். அவருக்கு ஏற்ற இடம் ஏதாவது தெரிய வந்தால் சொல்ல வேண்டுமாம். என் எண்ணைச் சொன்னேன், பதிந்துகொண்டாள்.

"பேரு என்னன்னு போடறது டீச்சர்?" என்று கேட்டாள்.